ஆபத்சகாய பண்டிதரின் புறா வைத்தியம்

“இந்தச் சபையிலே ஒருத்தர், கரடிமலைச் சனத்துக்கு வைத்த மருந்துக் காசைத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வாய் நாறும்!”

தாழையூர் ராஜா உத்தமராயர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சபை இப்போதுதான் கூடியிருந்தது, முதல் வெற்றிலைகூட இன்னும் மடித்தாகவில்லை. கத்தியவன் சடையாண்டி. மாட்டுச்சந்தையில் தரகு பேசி, அடிபட்டு உதைபட்டு ஆளானவன். ராஜாவின் தலையில் நொண்டிக் குதிரையைக் கட்டப் பார்த்த வியாபாரியை மடக்கியதிலிருந்து அவனுக்கு அரண்மனைச் சோறு. வாய் மட்டும் இன்னும் சந்தையிலேயே இருந்தது.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அரண்மனைப் பெரிய வைத்தியர் ஆபத்சகாய பண்டிதர் மட்டும் கூரையைப் பார்த்தார்.

சங்கதி இதுதான். கரடிமலையில் வைத்தியர் கிடையாது. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவருவதற்குள் பாதி உயிர் வழியிலேயே போய்விடும். ராஜா மனமிரங்கி, ஊரில் இருந்தபடியே மலைக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லிக் கஜானாவைத் திறந்துவிட்டார். ஊர்ப்புறாக்களை மலைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நோய்க்குறியை ஓலையில் எழுதிக் காலில் கட்டி விட்டால், அவை பண்டிதரிடம் பறந்து வரும். மருந்து சொல்லி அனுப்ப, மலையில் வளர்ந்த புறாக்களை இங்கே வைத்துக்கொள்ள வேண்டும். தொலைவைத்தியம் என்று பேர்கூட வைத்தாயிற்று.

பண்டிதர் மானியத்தை வாங்கினார். பளிங்கு மண்டபம் கட்டினார். திண்டு, சாமரம், பன்னீர்ச் செம்பு எல்லாம் வந்து இறங்கின. புறாவும் வாங்கினார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் மலையில் அட்டை கடிக்குமே! அதனால் ஒன்றுகூட மேலே போகவில்லை, மலைப்புறா ஒன்றும் கீழே வரவில்லை. அத்தனையும் மண்டபத்துக் கூரையிலேயே தின்று கொழுத்தன.

மலையில் வாழ்க்கைப்பட்ட சடையாண்டியின் தங்கை வெள்ளச்சியை, நேற்று குளிர்காய்ச்சலோடு தூக்கிவந்தார்கள். பண்டிதர் வாசலிலேயே கையை விரித்தார்.

“மலைக்காரர்களை நேரில் பார்க்க எனக்கு உத்தரவில்லையப்பா. அவளுக்குத் தொலைவைத்தியம்தான். திரும்ப மலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து புறா விடச் சொல்.”

கதவைச் சாத்திக்கொண்டார். பெரிய வைத்தியரே தள்ளிய நோயாளியைத் தொட மற்ற வைத்தியர்களுக்குப் பயம். அந்த ஆத்திரத்தோடுதான் சடையாண்டி இன்று சபைக்கு வந்திருந்தான்.

பண்டிதர் சாவகாசமாக எழுந்தார். “மகாராஜா, இந்த மழைக்காலம் முழுக்க மலையிலிருந்து நோய் சொல்லி ஒரு புறாகூட வரவில்லை. என்ன அர்த்தம்? கரடிமலையில் நோயே இல்லை! இரண்டாம் மானியமும் கொடுத்தால், கூண்டுகளுக்கு வெள்ளி மணி கட்டிவிடலாம்.”

“பலே!” என்றார் ராஜா.

சடையாண்டிக்கு நெற்றி நரம்பு புடைத்தது. பாய்ந்து குடுமியைப் பிடிக்கக் கை துடித்தது. சந்தைப் புத்தி இழுத்து நிறுத்தியது. மாட்டுக்காரன் பீற்றிக்கொண்டால் அவனோடு மல்லுக்கு நிற்பதா? மாட்டை நடத்திக் காட்டச் சொன்னால் போதுமே.

“நான் கத்தியது தப்பு மகாராஜா. மானியத்தை இரட்டிப்பாகக் கொடுங்கள். ஆனால் தொலைவைத்தியருக்கு நேரில் கொடுத்தால் அவருக்குத்தானே அவமானம்? தொலைமானியமாகக் கொடுப்போம். பண்டிதர் தம் மண்டபத்தில் உட்காரட்டும். கஜானாப் புறா காசைக் கொண்டுபோய்க் கொடுக்கும். வராவிட்டால் அவர் புறா வந்து சொல்லட்டும். என்ன பண்டிதரே, புறாவை நம்புகிறீரா, இல்லையா?”

நம்பவில்லை என்று எந்த வாயால் சொல்வார்? முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

கஜானாக் கூரையில் வளர்ந்த புறா ஒன்றைப் பிடித்துவந்தார்கள். அதன் காலில் பொற்காசு கட்டி, ராஜாவே தம் கையால் பறக்கவிட்டார். அது ஒரு வட்டம் அடித்தது. நேரே கஜானாக் கூரைக்குப் போய் உட்கார்ந்து இறகு கோதத் தொடங்கியது.

“என்னடா இது?”

“பெரிய பயணமாச்சே மகாராஜா. மூச்சு வாங்குகிறது.”

உச்சிவேளை தாண்டியதும் வாசலில் ஒரே கூச்சல். தலைப்பாகை அவிழ, வியர்க்க விறுவிறுக்கப் பண்டிதர் ஓடிவந்தார்.

“மகாராஜா! காசு வரவில்லை!”

சடையாண்டி குறுக்கே நின்றான். “வராவிட்டால் உம் புறா வந்து சொல்லியிருக்குமே! வரவில்லையே! என்ன அர்த்தம்? பண்டிதருக்குக் காசுக் குறையே இல்லை!”

“விட்டேனடா! காலையிலிருந்து விட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். எல்லாம் என் கூரையிலேயே ஏறி உட்கார்கிறது!”

“ஏனாம்?”

“வளர்ந்த கூட்டுக்குத்தானடா புறா பறக்கும்! எங்கேயோ தூக்கிப் போய் விட்டால்தான் திரும்பி வரும். வீட்டிலேயே வைத்துக்கொண்டு விட்டால் எங்கே போகும்? இதுகூடத் தெரியாத மாட்டுத் தரகனெல்லாம் சபைக்கு வந்தால்…”

சொன்ன பிறகுதான் பண்டிதருக்கு உறைத்தது.

“எனக்குத் தெரியும் சாமி” என்றான் சடையாண்டி. “உமக்கும் தெரியும் என்பதை மகாராஜா உம் வாயாலேயே கேட்கட்டும் என்றுதான் இந்தப் பாடெல்லாம்.”

ராஜா சிரித்த சிரிப்பில் சாமரம் வீசியவள்கூட அதைக் கீழே போட்டுவிட்டாள். சிரித்து ஓய்ந்ததும் அவர் முகம் இருண்டது. மண்டபம் ஏலத்துக்குப் போகும், அந்தக் காசில் மலையிலேயே வைத்தியசாலை வரும், புறாக்கூண்டுகளை மலைக்குச் சுமந்து ஏற்றுவது பண்டிதர் தலை என்று உத்தரவு போட்டார்.

“உனக்கு என்னடா வேண்டும், சடையாண்டி?”

சடையாண்டி ராஜாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பண்டிதரின் மேல்துண்டைக் கொத்தாகப் பிடித்தான்.

“மலையெல்லாம் நாளைக்கு ஏறலாம். என் தங்கை வண்டிப்பேட்டையில் பல் கிட்டிக் கிடக்கிறாள். மருந்துப்பெட்டியை எடும். செருப்பைத் தேடாதீர், நடையும்! இன்றைக்காவது கிட்டே உட்கார்ந்து, அவள் கையைத் தொட்டு நாடி பாரும் ஓய்!”