தாலாட்டைப் பங்கு போட்ட அண்ணன் தம்பி

முந்தி முந்தி, ராசாமாரு ஆண்ட காலத்துல, நெட்டூரணின்னு ஒரு ஊர்ல முப்பிடாதின்னு ஒரு பொம்பள இருந்தா. அவளுக்குத் தாலாட்டு கட்டத் தெரியும். தாலாட்டு எல்லாரும்தான பாடுதாகங்கியளா? எல்லாரும் பாடுறது காதுல கேட்ட பாட்டு. இவ ஒவ்வொரு புள்ளைக்கும் புதுசா ஒரு பாட்டு கட்டுவா.

புள்ள பொறந்த வீட்டுக்குப் போவா, தொட்டிலுக்குப் பக்கத்துல உக்காருவா, புள்ள மூஞ்சியவே பாப்பா. பெறகு தாய்க்காரிகிட்ட கேப்பா. "மசக்கையில என்னத்தத் திங்க ஆசப்பட்ட? வலி எடுக்கையில வெளிய மழையா, வெயிலா? இவுக அய்யா எங்கன நின்னாரு?" கேட்டுக்கிட்டே இருக்கையில வாயில பாட்டு வந்துரும். அவளுக்கு வயசான பெறகு, பக்கத்து வீட்டு உப்பு வண்டி ஓட்டுறவன் பொண்டாட்டி சுடலிக்கு மகன் பொறந்தப்ப இப்படிக் கட்டுனா:

"உப்பு மூடை மெத்தையில ஒறங்க வந்த ராசாவே,
மாடு ரெண்டும் மெல்லப் போகும், மணிச்சத்தம் கேட்டுறங்கு."

அந்தப் புள்ளைக்கு அந்தப் பாட்டுதான். வேற பாட்டுக்குக் கண்ண மூடாது. எந்த வீட்டுல புள்ள அழுதாலும், முப்பிடாதி கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்தாலும் கலயத்த வச்சிட்டு ஓடுவா. புள்ள தூங்குனாத்தான் வீடு திரும்புவா. அவளுக்குன்னு ஒரு புள்ள இல்ல. ஆனா அவ பாட்டுக் கேட்டுத் தூங்காத புள்ள ஊர்ல இல்ல.

வயசு ஏற ஏற அவளுக்கு ஒடம்பும் தளந்துருச்சு. கண்ணு மங்கிருச்சு. ஒரு மழைக்காலத்துல காய்ச்சல் வந்து படுத்துட்டா. அந்த நேரம் பாத்து, அவ கொழுந்தன் மக்க ரெண்டு பேரு வந்து சேந்தானுவ. மூத்தவன் மாசானம், எளையவன் கொம்பையா. அதுவரைக்கும் எட்டிக்கூடப் பாக்காத பயலுவ!

"பெரியம்மா, ஒன்னப் பாக்க ஆளில்லையே. நாங்க பாத்துக்கிடுதோம்"னு ஒரே அழுவ. முப்பிடாதிக்கும் மனசு குளுந்துபோச்சு. கொஞ்ச நாள் கழிச்சு, "வா பெரியம்மா, காய்ச்சல் தீரக் கோயில்ல ஒரு நேத்திக்கடன்"னு தூக்கிட்டுப் போனானுவ. ஊராளுக முன்னால அவ கையில செம்பக் குடுத்து, "நாங்க சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி எங்க கையில தண்ணி ஊத்து"ன்னானுவ. காய்ச்சல் வேகத்துல அவளும் சொன்னா: "நான் கட்டுன பாட்டெல்லாம் இனி இவங்களுக்கே." சொன்னா, தண்ணிய ஊத்திட்டா. தாரவாத்துக் குடுத்தாச்சு, போங்க!

மறுநாளே ரெண்டு பேரும் வீடு வீடாக் கெளம்பிட்டானுவ. "பாட்டு எங்களுது. பாடுனா நெல்லு குடு." நெல்லு இல்லாத வீட்டுல கோழியப் பிடிச்சானுவ. கோழி இல்லாத வீட்டுல தொட்டில் சேலைய அவுத்தானுவ. கெழவிய மட்டும் பெரிய வீடுகளுக்குக் கூட்டிட்டுப் போயிப் பாட வச்சு, வர்றத மடியில கட்டிக்கிட்டு, அவளுக்கு ஆறிப்போன கஞ்சிய ஊத்துவானுவ.

ஒருநாள் பக்கத்து வீட்டுல சுடலி மகன் அழுதான். குடுக்க ஒண்ணுமில்லாம சுடலி பாடாம வாயப் பொத்திக்கிட்டுத் தொட்டில ஆட்டுதா, புள்ள தூங்க மாட்டேங்கு. முப்பிடாதிக்குப் பொறுக்கல. படுத்த எடத்துல இருந்தே "உப்பு மூடை மெத்தையில..."ன்னு எடுத்தா. மாசானம் ஓடிவந்து அவ வாயப் பொத்திட்டான். "பெரியம்மா, அது எங்க பாட்டு. சும்மா பாடக் கூடாது!"

முப்பிடாதி செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. தான் பெத்தது மாதிரி கட்டுன பாட்டு, தன் வாயிலயே வரக்கூடாதாம். பட்டினி போட்டாக்கூடத் தாங்கியிருப்பா. இதத் தாங்க முடியல.

பெறகு என்னாச்சு? அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்ட. "ஆம்பளப் புள்ளப் பாட்டு எனக்கு, பொம்பளப் புள்ளப் பாட்டு ஒனக்கு"ன்னு மாசானம் சொல்லிப் பங்கு போட்டானுவ. ஆணும் பொண்ணுமா எரட்டப் புள்ள பொறந்த வீட்டுல ரெண்டு பேரும் மல்லுக்கட்டி உருண்டானுவ. கடைசியில, ராசா வீட்டுப் புள்ள பங்குல சேராதுன்னு கொம்பையா சொல்ல, அரமனைத் தாலாட்டு யாருக்குன்னு கேட்டு ராசாகிட்டயே போயி நின்னானுவ. ராணிக்கு அப்பத்தான் ஒரு மகன் பொறந்திருந்தான்.

ராசா முப்பிடாதியக் கூட்டி வரச் சொன்னாரு. "தாயி, பாட்டெல்லாம் இவங்களுக்குக் குடுத்தியா? ஏமாத்தி வாங்கிட்டாங்கன்னு சொன்னா இப்பவே மீட்டுத் தாரேன்."

அவ நெனச்சா அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனா நிமிந்து நின்னு சொன்னா: "குடுத்தேன் ராசா. நெனவோட குடுத்தனோ, நெனவில்லாமக் குடுத்தனோ, தண்ணி ஊத்துனது என் கைதான். ஆனா குடுத்தது முழுசாப் போயிச் சேரலையே!"

"இன்னும் என்ன பாக்கி?" ராசா கேட்டாரு. அண்ணன் தம்பிக்கு வாயெல்லாம் பல்லு.

"பாட்டோட சேந்த வேல பாக்கி ராசா. எந்தப் புள்ள அழுதாலும் நான் போவேன். மழையின்னாலும் போவேன், பசியின்னாலும் போவேன், புள்ள தூங்குற வரைக்கும் இருப்பேன். பாட்ட எடுத்துக்கிட்டாக, வேலைய எங்கிட்டயே விட்டுட்டாக. என்னால நடக்க முடியல. அதையும் எடுத்துக்கிடச் சொல்லுங்க."

ராசா அவளையே பாத்தாரு. எந்திரிச்சுக் கும்பிட்டாரு. பெறகு சொன்னாரு: "சரியான பேச்சு. இன்னையில இருந்து எந்த வீட்டுல புள்ள அழுதாலும் நீங்க ரெண்டு பேரும் போவணும். புள்ள தூங்குனாத்தான் ஒங்களுக்குச் சோறு. உள்ள என் மகன் அழுவுதான், கேக்குதா? போங்க!"

போனானுவ. மாசானம் தொண்டையக் கனைச்சுப் பாடுனான், ராசகுமாரன் வீல்லுன்னு கத்துனான். கொம்பையா பாடுனான், இன்னும் கத்துனான். ரெண்டு பேரும் சேந்து பாடுனானுவ, அவன் ஒண்ணுக்கு இருந்துட்டான்! சிரிக்காதிய, சிரிக்காதிய, இன்னும் இருக்கு. ஊருக்கு வந்தா, பல்லு மொளைக்கிற புள்ள ஒரு வீட்டுல, வயித்து வலிக்கார புள்ள ஒரு வீட்டுல, அந்த எரட்டப் புள்ளைக ஒரு வீட்டுல. "ஏ மாசானம், வா! ஏ கொம்பையா, வா!" ஒண்ணு தூங்குனா ஒண்ணு முழிக்கும். சோத்துல கை வைக்கையில ஒருத்தி கூப்பிடுவா. தொண்ட கட்டி, கண்ணு குழி விழுந்து, கடைசியில முப்பிடாதி கால்ல வந்து விழுந்துட்டானுவ.

"பெரியம்மா, பாட்ட நீயே எடுத்துக்கோ!"

"எனக்கு எதுக்குலே? அது ஒவ்வொண்ணும் அந்தந்தப் புள்ளைக்குன்னு கட்டுனது. அந்தந்த வீட்டுல போயிக் குடுத்துட்டு வாங்க. பிடிச்ச கோழியையும் குடுங்க."

வீடு வீடாப் போயி, வாசல்ல நின்னு, "இது ஒங்க பாட்டு தாயி, நல்லாப் பாடுங்க"ன்னு சொல்லி, வாங்கினதெல்லாம் குடுத்துட்டு, அண்ணனும் தம்பியும் ஊரவிட்டே போயிட்டானுவ.

பெறகு முப்பிடாதிக்கு ஒரு கொறையுமில்ல. தெனம் ஒரு வீட்டுச் சோறு, சுடச்சுட. அவளால நடக்க முடியலன்னு தாய்மாரு புள்ளையத் தூக்கிக்கிட்டு அவகிட்டயே வருவாக. புள்ளைய அவ மடியில போடுவாக. கண்ணு தெரியலன்னா என்ன, வெரலால புள்ள மூஞ்சியத் தடவித் தடவிப் பாத்துப் புதுசு புதுசாக் கட்டுனா, சாகுற வரைக்கும் கட்டுனா.

பாட்டு கட்டுனவுகளுக்கு ஆறின கஞ்சிய ஊத்திட்டுப் பாட்ட மட்டும் தின்னா செரிக்காது, ஆமா. அவளும் நல்லா இருந்தா, அவ பாட்டும் நல்லா இருக்கு, நீங்களும் நல்லாத் தூங்குங்க.