மேஸ்திரி ஓணானும் யானை முதுகும்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. வேலையும் செய்தன. பேச்சுதான் அதிகம்.

ஒரு வருஷம் எல்லாம் சேர்ந்து ஏரிக்குக் கரை போட்டன. ஐப்பசி மழைக்குள் முடிக்கவேண்டும். முடியாவிட்டால் வருகிற தண்ணீர் கடலுக்குப் போய்விடும். கோடையில் குடிக்க ஒரு சொட்டு இராது. பாறை தூக்க யானை ஒன்றுதான் ஆள்.

மேஸ்திரி, ஓணான். எவன் வைத்தானோ. வெயில் ஏற ஏற அதற்குக் குஷி. சுடுகிற கல்லில் வயிற்றை ஒட்டிக்கொண்டு வேலை ஏவும்.

புரட்டாசி வெயில் தெரியுமல்லவா? யானைக்கு உடம்பில் மயிரும் அதிகம் கிடையாது. முதுகு வெந்து தோல் உரிந்தது.

“மேஸ்திரி, உச்சிப் பொழுதுக்கு மட்டும் நிழலுக்குப் போய்ட்டு வரேனுங்க. வெயில் தாங்கலை.”

“வெயிலா? எங்கே? எனக்குக் குளிருது. தூக்குய்யா!”

மண் சுமந்த எருமைக்குப் பாவமாக இருந்தது. “அண்ணே, என்கூட வந்து சேத்துல படுங்களேன்.”

“உன் குட்டையில என் கால்தான் நனையும், தங்கச்சி.”

பத்துப் பாறைதான் பாக்கி. யானை கையிலிருந்ததைக் கீழே போட்டது. “என்னால ஆகாது. காட்டுக்கே போறேன்.”

ஓணான் குதித்தது. “பாவி! எல்லார் தலையிலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!”

யானை விழித்தது. செய்யாததைச் செய்தாய் என்றால் அதற்குப் பொறுக்காது. “நான் எப்போ போட்டேன்?”

“போட்டே! உன் தலையிலயும் சேர்த்துப் போட்டுக்கிட்டே!”

யானை எருமையிடம் குனிந்து கேட்டது. “போடச் சொல்றாரோ?”

“மேஸ்திரி சொன்னா போட்டுடுங்கண்ணே,” என்றது எருமை. சிரிக்கவில்லை.

யானை துதிக்கை நிறைய மண்ணை வாரியது. முதலில் மேஸ்திரி தலையில். ஓணானைக் காணோம். அடுத்தது தன் தலையில், முதுகில். அப்படியே நின்றது.

“என்னண்ணே?”

“எரியலை, தங்கச்சி.”

இன்னொரு வாரு வாரிப் போட்டுக்கொண்டு பாறையைத் தூக்கியது. பொழுது சாய்வதற்குள் பத்தும் ஏறிவிட்டன. மழை வந்தது, கரை நின்றது, ஏரி நிரம்பியது. மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்த ஓணான், “யோசனை என்னுது” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. திரியட்டும்.

அன்று முதல்தான் யானை குளித்துக் கரையேறியதும் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்கிறது. அரை நாள் தேய்த்துக் குளிப்பாட்டிய பாகன் கத்துவான். அவனுக்கென்ன, தலையில் துண்டு கட்டியிருக்கிறான்.