மீன்கொத்திப் படை

"திருடன் டீச்சர், திருடன்! பட்டப்பகல்ல, ஊரே பாத்துட்டு இருக்கறப்பவே திருடிப்போட்டான்!"

படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்கக்கூட இல்லை, அதற்குள் ஞானசிகாமணி கத்த ஆரம்பித்துவிட்டார்.

மரகதவல்லி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குதிரைவீரன். அவன் தொப்பிக்குச் சிவப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்ணா."

கழற்றினார். ஒன்று ஒரு மூலைக்குப் போனது, இன்னொன்று படியில் உருண்டது.

காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது அந்த அறை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே யுத்தம் நடக்கும். பெரிய மேஜை, அதன்மேல் பச்சைத் துணி, தெர்மாக்கோல் மலை, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொடிப் பொடிச் சிப்பாய்கள். டேப் வைத்து அளந்து நகர்த்துவார்கள். பகடை உருட்டிச் சாகடிப்பார்கள். விளையாடுகிறவர்கள் எல்லாரும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆட்கள்தான், சிரிக்காதீர்கள்.

சிப்பாய்க்கு அவரவரே பெயிண்ட் அடித்துக் கொண்டுவர வேண்டும். அடிக்காத படைக்கு மேஜையில் இடமில்லை. ஒவ்வொரு படைக்கும் ஒரு நிறம், கேடயத்தில் ஒரு சின்னம். ஒருத்தர் தேள் போடுவார், ஒருத்தர் பனைமரம் போடுவார்.

அத்தனை பேருக்கும் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது மரகதவல்லி. ரத்தம் பரிசோதிக்கும் லேப்பில் வேலை, வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஐம்பத்தேழு வயது ஞானசிகாமணிக்கும் அவள் டீச்சர்தான்.

"யாருங் திருடுனது?"

"அந்த டயர்க்காரன்!"

"தேவசகாயமா?"

"அவனுக்குப் பேரு ஒரு கேடா? டயர்க்காரன்னே சொல்லுங்க."

தேவசகாயம் சிங்காநல்லூரில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடும் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று மாதமாகத்தான் இங்கே வருகிறார். அவருடைய சுண்டுவிரல் மற்றவர்களின் பெருவிரல் தடிமன் இருக்கும்.

"என்னத்தைத் திருடுனாருங்?"

"என் மீன்கொத்தியை!"

ஞானசிகாமணி தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மீன்கொத்தி அவருடைய படையின் சின்னம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னக் கேடயம், அதில் மஞ்சள் அடித்து, மஞ்சளுக்கு நடுவில் ஒரு நீல மீன்கொத்தி. நெஞ்சில் ஒரு பொட்டு ஆரஞ்சு. தண்ணீரில் பாயப்போகிற மாதிரி மூக்கு கீழே சாய்ந்திருக்கும். மஞ்சள்மேல் நேராக நீலத்தை வைத்தால் பச்சையடித்துத் தொலைக்கும். அதனால் முதலில் பறவையை வெள்ளையில் போட்டு, காய்ந்த பிறகு அதற்குமேல் நீலம். இப்படி இருபத்தொரு கேடயம். இரண்டு வருஷம் ஆனது.

"காலையில குரூப்ல போட்டோ போட்டிருக்கான், டீச்சர். அதே மஞ்சள். அதே நீலம். மூக்கு சாஞ்சிருக்கற சாய்வுகூட அதே சாய்வு! ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கல! அதுக்குக் கீழ பதினாலு பேரு கைதட்டி வெச்சிருக்கானுங்க. நான் போட்டப்ப எத்தனை பேரு தட்டுனாங்க? நாலு பேரு! அதுல ஒண்ணு நானே தட்டுனது!"

"ம்."

"என்னங் 'ம்'? வயிறு எரியுது எனக்கு. முப்பத்திரண்டு வருஷமா பஸ் டிப்போவுல டைம் கீப்பரு. எந்த வண்டி எப்பப் போச்சு, எப்ப வந்துச்சுன்னு எழுதி எழுதியே தலை நரைச்சுப்போச்சு. அதுல ஒரு வண்டியாவது என்னுதா? வீடு சம்சாரம் பேர்ல இருக்குது. பையன் இருக்கான், அச்சு அசல் அவங்க தாய்மாமன். என்னுதுன்னு இந்த உலகத்துல இருக்கறது இந்த ஒத்தைக் குருவி! அதையும் ஒருத்தன் தூக்கிட்டுப் போவான், நான் வாயைப் பொத்திட்டு இருக்கணுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்ததற்கும் சேர்த்து இன்னும் கோபம் வந்தது.

"நாளைக்கு அவன் படை மேஜையில ஏறக்கூடாது. ஏறுச்சுன்னா நான் இந்த மாடிப்படி ஏற மாட்டேன். அவனா நானா, இப்பவே சொல்லிப்போடுங்க."

மரகதவல்லி பிரஷைக் கழுவி வைத்தாள்.

"உங்க படைத்தலைவனைக் குடுங்ணா."

ஞானசிகாமணி தோள்பையிலிருந்து பழைய டிபன் பாக்ஸை எடுத்தார். உள்ளே ஸ்பாஞ்சில் குழி வெட்டி, குழிக்கு ஒரு ஆளாகப் படுக்க வைத்திருந்தார். தலைவனை மட்டும் இரண்டு விரலால் அலுங்காமல் எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கினாள். பக்கத்தில் திறந்திருந்த கறுப்பு பெயிண்டில் பிரஷைத் தோய்த்தாள். கேடயத்தின் மேல் ஒரே இழுப்பு.

மீன்கொத்தி போய்விட்டது.

"அடிப்பாவி!"

டீச்சர் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "மேல என்னங் சத்தம்?" என்று குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லீங்," என்று மரகதவல்லி கீழே பார்த்துச் சொன்னாள். பிறகு தலைவனை உயர்த்திக் காட்டினாள். "இப்பக் குருவி இல்ல. இது யாரு படைங்ணா?"

"என்னுது!"

"எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? நல்லாக் கேட்டீங்க போங்க! என் கைவேலை எனக்குத் தெரியாதா? குருவி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பாத்துச் சொல்லுவேன். அந்த டயர்க்காரன் அடிச்ச குப்பையையும் என்னுதையும் ஒண்ணாக் கொட்டுங்க. பிரிச்சுக் காட்டறேன். ஒண்ணே ஒண்ணு மாத்தி எடுத்தாலும் எந்திரிச்சுப் போயிடறேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

"சரிங்."

அவள் அலமாரியைத் திறந்து தேவசகாயத்தின் படையை எடுத்தாள். மறுநாள் விளையாட்டுக்காக அவர் காலையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, வார்னிஷ் வாங்கப் போயிருந்தார். இரண்டு தலைவர்களையும் ஓரமாக வைத்தாள். மிச்சம் ஆளுக்கு இருபது. நாற்பது பேரையும் பெரிய தட்டில் கலந்து, மேஜையில் நிறுத்தினாள்.

மேஜை முழுக்க மஞ்சள். மஞ்சள் முழுக்க மீன்கொத்தி.

ஞானசிகாமணி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இது என்னுது. இந்த நீலத்தைப் பாருங்க, என்னமாப் பளபளக்குது! இது அவனுது. தூ, இதெல்லாம் ஒரு பறவையா? மழையில நனைஞ்ச கோழி. இது என்னுது. இதுவும் என்னுது. நெஞ்சுல அந்த ஆரஞ்சைக் கவனிச்சீங்களா, ஒரே தொடுப்பு. டயர் ஒட்டற கைக்கு அது வருமா? இது அவனுது. மூக்கா இது, முருங்கைக்காய்! இது அவனுது, கழுத்தைக் காணோம். அய்ய, இவனைப் பாருங்க, இவன் நிக்கறதே ஒரு தினுசா நிக்கறான். கேடயத்துல மஞ்சள் திட்டுத் திட்டா நிக்குது. வெக்கங்கெட்டவன், இதையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கான்!"

கால் மணி நேரத்தில் இரண்டு வரிசை ஆனது. வலது வரிசையில் இருபது லட்சணமான சிப்பாய்கள். இடது வரிசையில் அவர் வாயில் விழுந்து அடிபட்ட இருபது பேர்.

"முடிஞ்சுது. பாத்துக்கங்க."

"திருப்பிப் பாருங்ணா," என்றாள் மரகதவல்லி.

சண்டை முடிந்தால் செத்தவன் பிழைத்தவன் எல்லாரும் ஒரே தட்டில்தான் வந்து விழுவார்கள். அதனால் அங்கே எல்லாருமே, சிப்பாயை முதல்முதலாகக் கொண்டுவரும் அன்றே, அவன் காலடித் தட்டுக்கு அடியில் தங்கள் பெயரின் முதலெழுத்தை எழுதிவிடுவார்கள்.

ஞானசிகாமணி வலது வரிசையில் முதல் ஆளைத் திருப்பினார். ஞா.

இரண்டாமவன். ஞா. நிமிர்ந்து டீச்சரை ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாமவன். தே.

அவனைக் கீழே வைத்தார். நான்காமவன் ஞா. ஐந்தாமவன் தே. ஆறாமவன் தே. அந்த ஆரஞ்சுப் பொட்டுக்காரன், ஒரே தொடுப்பு என்று புகழ்ந்தாரே, அவனும் தே.

வலது வரிசையில் ஒன்பது தே.

இடது வரிசைக்குப் போனார். நனைந்த கோழியைத் திருப்பினார். ஞா. முருங்கைக்காய் மூக்கைத் திருப்பினார். ஞா. வெட்கங்கெட்டவனைத் திருப்பவே கை வரவில்லை. திருப்பினார். ஞா.

அவனைப் பட்டென்று மேஜையில் வைத்தார்.

"மாத்திட்டீங்க!" என்று வெடித்தார். "நான் வர்றதுக்கு முன்னாலயே அடியில மாத்தி எழுதி வெச்சிருக்கீங்க!"

"உங்க பொட்டி உங்க பையில இல்லீங்களா இருந்துச்சு?"

ஞானசிகாமணி வெட்கங்கெட்டவனை மறுபடி திருப்பிப் பார்த்தார். எழுத்தும் அவருடைய எழுத்துதான்.

"அப்ப அவன் என்னைவிட நல்லா அடிச்சிருக்கான்னு சொல்றீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலீங்ணா."

"சொல்லாமச் சொல்றீங்க! கூப்பிட்டு உக்காரவெச்சு, என் வாயாலயே என் புள்ளைகளைத் திட்டவெச்சு... நல்லா இருங்க. ரொம்ப நல்லா இருங்க! நான் போறேன். போறேன்னு சொன்னேன்ல, போறேன்!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடி கீழே விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து நிமிர்வதற்குள் மரகதவல்லி இரண்டு வரிசையையும் மறுபடி ஒன்றாகக் கலந்து நிறுத்திவிட்டாள்.

"ஏனுங், என்ன பண்றீங்க? என்னுதை நான் எடுத்துட்டுப் போகவும் விட மாட்டீங்களா?"

படியில் கனமான காலடி கேட்டது. தேவசகாயம், கையில் வார்னிஷ் டப்பா.

"அண்ணா வந்திருக்கீங்களா! வணக்கமுங்."

ஞானசிகாமணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தேவசகாயம், ரெண்டு படையும் கலந்துபோச்சுங்க," என்றாள் மரகதவல்லி. "பிரிச்சு வெக்கறீங்களா? அடியில பாக்காம."

"அடியில எதுக்குங் பாக்கணும்?"

டப்பாவைத் தரையில் வைத்தார். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அந்தத் தடி விரல்களால் ஒவ்வொருத்தனாகத் தூக்கி, முகத்துக்கு நேரே ஒரு நொடி பிடித்து, வைத்துக்கொண்டே போனார்.

"அண்ணனுது. அண்ணனுது. என்னுது. அண்ணனுது. என்னுது. என்னுது."

யோசிக்கவில்லை. திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. ஞானசிகாமணி ஜன்னலை விட்டு எப்போது திரும்பினார் என்று அவருக்கே தெரியாது.

"ஆச்சுங்."

ஞானசிகாமணி ஒரே எட்டில் மேஜைக்கு வந்து, தேவசகாயம் 'அண்ணனுது' என்று வைத்த வரிசையைச் சரசரவென்று திருப்பினார். ஞா, ஞா, ஞா. கடைசி ஆள்வரைக்கும் ஞா. நம்பிக்கையில்லாமல் இன்னொரு வரிசையையும் திருப்பினார். அங்கே ஒரு ஞாகூட இல்லை.

"எப்படிய்யா?" என்று கத்தினார். "எனக்கே தெரியல. உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

தேவசகாயம் பயந்து டீச்சரைப் பார்த்தார். அவள் குதிரைவீரனின் தொப்பிக்குத் திரும்பிப் போயிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்ணா. குருவியைப் போட்டுக்கட்டுமான்னு உங்களைக் கேக்கலாம்னுதான் ரெண்டு வாரமா இருந்தேன். நீங்க எப்பப் பாத்தாலும் யார்கிட்டயாச்சும் சண்டை போட்டுட்டு இருந்தீங்களா, கேக்கப் பயமாப் போச்சு. ஞாயித்துக்கிழமையானா உங்களுக்கு எதிர்ல உக்காந்து உங்க ஆளுங்களைத்தான் பாத்துட்டு இருப்பேன். பாத்துப் பாத்துக் குருவி வந்துருச்சுங். நீலம் வந்துருச்சு. கண்ணு மட்டும் வரலீங்."

"எந்தக் கண்ணு?"

"சிப்பாய்க் கண்ணுங். நான் வெச்சா எல்லாவனும் நேரா முழிக்கறான். இங்க யாரு வெச்சாலும் அப்படித்தான் முழிக்கறான். உங்க ஆளுங்க மட்டும் இருபது பேரும் இடது பக்கமா, கொஞ்சம் மேல பாக்கறாங்க. யாரோ கூப்பிட்டுத் திரும்புன மாதிரி. ஒருத்தன்கூடத் தப்பல. நானும் அழிச்சு அழிச்சு வெச்சுப் பாத்தேனுங், வரவே மாட்டேங்குது."

ஞானசிகாமணி மேஜை விளக்கை இழுத்தார். லென்ஸை எடுத்து முதல் ஆளைப் பார்த்தார். இரண்டாமவனைப் பார்த்தார். நனைந்த கோழிக்காரனைப் பார்த்தார், முருங்கைக்காய்க்காரனைப் பார்த்தார். வெட்கங்கெட்டவனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூணு மாசமாக் கேக்கணும்னு இருக்கேன்," என்றார் தேவசகாயம். "எதைங்ணா பாக்கறாங்க?"

ஞானசிகாமணி லென்ஸைக் கீழே வைத்தார். தோளிலிருந்த பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். பக்கத்து நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டார்.

"தெரியலீங்க தேவசகாயம்," என்றார். "உக்காருங்க, பாக்கலாம்."