ஆவுடையப்பன் புடம் போட்ட வெள்ளி

பேராச்சி வைத்தியருக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் சித்த மருத்துவம் கற்க வந்த சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது. தலை நரைத்த பிறகு பள்ளிக்கூடம் போகிறார் என்று ஊர் சிரித்தது. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று அவர் ஒரு சிமிழோடு வந்து நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

சிமிழுக்குள் வெள்ளிப் பற்பம், வெள்ளியைச் சுட்டு நீறாக்கிய மருந்து. அவர் கையாலேயே புடம் போட்டு, அரைத்து அரைத்து எடுத்தது. மகள் உலகம்மா பிள்ளை பெற்று இளைத்துக் கிடந்தபோது ஆசை ஆசையாகக் கொடுத்தார். முதலில் அவள் முகம் தெளிந்தது. தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். இப்போது அவள் கைகால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"கிட்னி போச்சுங்காங்க, அம்மா. கண்ணுக்குத் தெரியாத நானோ துகளா வெள்ளி உள்ளயே தங்கிட்டாம்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"நான் எங்கயோ பக்குவம் தப்பிட்டேன். சோதிச்சுச் சொல்லுங்க. தப்புன்னா அதுக்கு முறிவு மருந்து இருக்குல்லா?"

பேராச்சி பற்பத்தை வெயிலில் காட்டினார். துளி மினுக்கம் இல்லை. விரல்களுக்கிடையே தேய்த்தார். ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஒரு சட்டித் தண்ணீரில் தூவினார்.

பக்குவம் தப்பிய பற்பம்தான் மூழ்கும். மூழ்கித் தொலையேன் என்று ஆவுடையப்பன் மனசுக்குள் கெஞ்சினார்.

பற்பம் மிதந்தது. அதன்மேல் பேராச்சி ஒரு நெல்லை வைத்தார். நெல்லும் மிதந்தது. வேறொரு நாளாக இருந்தால் ஆவுடையப்பன் குதித்திருப்பார். இன்று அவருக்கு அழுகை வந்தது.

"குறையே இல்ல, அண்ணாச்சி. எனக்குக்கூட இவ்வளவு நைசா வந்ததில்ல."

"அப்போ முறிவு?"

பேராச்சி சட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"ஒரு உசுருக்கும் கெடுதல் வராத இடமாப் பாத்து இதைக் கொட்டிட்டு வாங்க."

ஆவுடையப்பன் வாழை மரத்து மூட்டுக்குப் போனார்.

"அது குலை தள்ளியிருக்கு" என்றார் பேராச்சி.

குளத்துப் பக்கம் திரும்பினார். கரையோரத்தில் கெண்டைக் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. அவராகவே விலகி வந்தார். வேலியோரம் வெறும் மண்தானே என்று குனிந்தார். காலடியில் மண்புழு நெளிந்தது. நிமிர்ந்துகொண்டார்.

கிணற்றைப் பார்த்தார். அதன் பக்கம் போகவே இல்லை.

முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். தண்ணீர் சட்டி விளிம்பில் தளும்பியது. ஒரு சொட்டுகூடச் சிந்திவிடக் கூடாதே என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எங்கதான் கொண்டு கொட்ட?" என்று கத்தினார்.

"உங்க மக உடம்பும் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கிடக்கு, அண்ணாச்சி" என்றார் பேராச்சி.