வள்ளியூரில் விழுந்த பனி

வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பூதலிங்கத்துக்கு யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். சொன்னால் அப்படியே செய்துவிடுவார் என்கிற பயம்தான். "சர்க்கரை ஏறியிருக்கு, வாயைக் கட்டணும்" என்று டாக்டர் ஒருமுறை சொல்லிவிட்டார். மனுஷன் அன்றிலிருந்து வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். லட்டு சாப்பிடும்போது மட்டும் அவிழ்ப்பார்.

அவர் மனைவி உலகம்மாளும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. கல்யாணமானதிலிருந்து வருஷா வருஷம் இருவரும் குற்றாலம் போனார்கள். அவர்கள் போகிற அன்றைக்கு அருவி வற்றிக் கிடக்கும். காய்ந்த பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தேய்த்த எண்ணெய் வழிய வழிய பஸ் ஏறித் திரும்புவார்கள்.

இந்த வருஷம் டிவியில் ஒருவன் காலில் இரண்டு கட்டையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சர்ரென்று சறுக்கி வந்ததை உலகம்மாள் பார்த்தாள்.

"ஏங்க, தண்ணியைத்தான் இதுவரைக்கும் காட்டல. பனியையாவது காட்டுங்களேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பூதலிங்கம் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். அது அவருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. "இந்த வருஷம் உன்னைப் பனியில சறுக்க வைக்கலன்னா நான் பூதலிங்கமே இல்ல" என்று அங்கேயே சத்தியம் செய்தார்.

பனி விஷயத்தில் யோசனை கேட்க வீட்டிலேயே ஒரு ஆள் இருந்தான். உலகம்மாளின் தம்பி கோமதிநாயகம். மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனியில் வேலை. பனியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை என்று மூன்று பேரும் நம்பினார்கள், அவன் உட்பட.

விசாரித்ததில், இமயமலையில் பிஜ்லிதார் என்றொரு ஊரில் பனிச்சறுக்கு விடுதி இருப்பதும், அதன் மேனேஜர் சென்னியப்பன் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர் என்பதும் தெரிந்தது. பூதலிங்கம் போனைப் போட்டார்.

"சீசன் ஆரம்பத்துலயே வந்துருங்க, கூட்டம் இருக்காது" என்றார் சென்னியப்பன். "மொதல்ல விழுகப் பழகிக்கோணும். விழத் தெரியாதவங்க சறுக்கவே முடியாதுங்க."

அன்றே பயிற்சி ஆரம்பமானது. கூடத்தில் பாயை விரித்து மூவரும் வரிசையாக விழுந்தார்கள். கோமதிநாயகம் முன்பக்கமாக விழுவான். பூதலிங்கம் பின்பக்கம். உலகம்மாள் கையில் காபி டம்ளரோடு பக்கவாட்டில் விழுந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. நல்ல தேர்ச்சி வந்ததும், வெளியிடங்களிலும் பழக வேண்டும் என்று ஒரு கல்யாண வீட்டில் அட்சதை போடும் நேரத்தில் மூவரும் சேர்ந்து விழுந்தார்கள். வலிப்பு என்று நினைத்து யாரோ ஓடிவந்து பூதலிங்கத்தின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அது எந்த வீட்டுச் சாவி என்று அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த போனில் சென்னியப்பன், "உடம்பைக் குளுருக்குப் பழக்கிக்கிட்டு வாங்க. ஸ்வெட்டர் போட்டும் பழகிக்கோங்க" என்றார்.

"இது ரெண்டும் வேற வேற வேலை அத்தான்" என்றான் கோமதிநாயகம். "ஸ்வெட்டர் போட்டுட்டா குளிர் தெரியாது. தெரியாத குளிருக்கு எப்படிப் பழகுறது?"

வெகுநேரம் யோசித்து முடிவெடுத்தார்கள். காலையில் ஐஸ் கம்பெனிக்குப் போய்ச் சட்டையில்லாமல் ஐஸ் பாளத்தின் மேல் உட்கார்ந்தார்கள். உலகம்மாள் பெண்பிள்ளை ஆனதால் ஐஸ் பாளத்தை மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் ஸ்வெட்டர், மப்ளர், குல்லாய் சகிதமாக வெயிலில் நின்றார்கள். குளிர் ஜுரமும் சூட்டுக் கொப்பளமும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டுக்கும் உடம்பு பழகிவிட்டது என்று பூதலிங்கம் திருப்திப்பட்டார்.

பிறகு சென்னியப்பனே கூப்பிட்டார். "பூட்ஸ் எடுத்து வெக்கோணும். உங்க கால் அளவு சொல்லுங்கண்ணா."

பூதலிங்கம் சுவரோரம் நிற்க, உலகம்மாள் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் டேப் பிடித்தாள்.

"மூணடி."

"அண்ணா, அந்த அளவுக்கு பூட்ஸ் இமயமலையிலேயே கெடையாதுங்க. நீங்க நேர்ல வாங்க, பாத்துக்கலாம்."

"எப்ப வரட்டும்?"

"பனி விழுந்த உடனே கெளம்பிருங்க. என்னைக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

மூவரும் தினமும் விடிந்ததும் வாசலில் வந்து வானத்தைப் பார்த்தார்கள். கார்த்திகை பிறந்தது. ஒரு காலையில் பூதலிங்கம் ஸ்கூட்டர் சீட்டில் கையை வைத்தார். ஈரம். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மைத்துனனை எழுப்பிக் கூட்டி வந்தார். கோமதிநாயகம் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"அசல் பனி அத்தான். ராத்திரியே விழுந்திருக்கு. நாம தூங்கிட்டோம்."

உடனே கிளம்பினார்கள்.

ரயில் மாறி, பஸ் மாறி, பிஜ்லிதார் போய் இறங்கினால் மலை பச்சைப்பசேலென்று கிடந்தது. நாலைந்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. விடுதிக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சென்னியப்பன் இவர்களைப் பார்த்துப் பிரஷ்ஷைக் கீழே போட்டார்.

"ஏனுங்க, பனியே இன்னும் விழுகலயே!"

"எங்க ஊர்ல விழுந்துட்டே" என்றார் பூதலிங்கம்.

"வள்ளியூர்ல இருந்து இங்க வந்து சேர நாளாகும்லா" என்று கோமதிநாயகம் விளக்கினான். "நாங்க எக்ஸ்பிரஸ்ல வந்தோம். அது மெதுவா வரும்."

உலகம்மாள் ஆட்டைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள். பிறகு, "பரவாயில்லைங்க. இங்க எண்ணெயாவது தேய்ச்சுக்கல" என்றாள்.

பூதலிங்கம் சென்னியப்பனைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கே எங்களுக்கு ரயில். எப்படியாவது ஒரு தடவை சறுக்க விடுங்க" என்று கெஞ்சினார்.

"முடியாதுங்கண்ணா. புல்லு கண்ணுக்குத் தெரியற வரைக்கும் யாரும் சறுக்கக் கூடாது. அது இங்கத்த சட்டம்."

பூதலிங்கம் அந்தச் சட்டத்தை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

மறுநாள் காலையில், போட்டோவுக்கு நிற்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சென்னியப்பன் மூவருக்கும் பூட்ஸும் கட்டையும் மாட்டி, கையில் ஊன்றுகோலும் கொடுத்து, விடுதிக்கு முன்னால் சரிவில் நிறுத்திவிட்டு டீ போட உள்ளே போனார். அவர் தலை மறைந்ததும் மூவரும் மப்ளரை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"புல்லு தெரியுதா?"

"தெரியல."

"தெரியல அத்தான்."

"அப்பச் சரி. விடுங்க!"

கோலை ஊன்றித் தள்ளினார்கள். புல்லில் கட்டை அசையவே இல்லை. ஆனால் மலைக்காற்று விர்ரென்று அடித்தது.

"ஏங்க, காது ரெண்டும் அடைக்குது! மெல்லப் போங்க!"

"என் கையில இல்ல உலகு! மலை இழுக்குது!"

"எதிர்ல ஆடு கத்துது, ஒதுங்குங்க!" என்று கோமதிநாயகம் அலறினான். ஒதுங்கினார்கள். ஆடு தன்பாட்டுக்கு அவர்களைக் கடந்து போனது.

கொஞ்ச நேரத்தில் முகத்தில் சில்லென்று என்னவோ வந்து வந்து ஒட்டியது. வேகம் கூடிவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள். விரல் மரத்தது, மூக்கு மரத்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. உலகம்மாள் சிரித்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து பூதலிங்கம் கேட்டதில்லை.

கடைசியில் அவள்தான், "போதுங்க, ரொம்ப தூரம் வந்துட்டோம். எப்படி நிறுத்துறது?" என்றாள்.

"கண்கட்டை அவிழ்த்தா புல்லு தெரிஞ்சிடும்" என்றார் பூதலிங்கம். "சட்டப்படி தானா நின்னுடும்."

அவிழ்த்தார்கள். நின்றிருந்தது. ஆனால் புல்லைக் காணோம். ஆட்டைக் காணோம். மலை, மரம், கூரை எல்லாம் வெள்ளைவெளேரென்று இருக்க, வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்தது. காலில் கட்டின கட்டை மறையப் பனி.

"பச்சை மலையில கிளம்பி வெள்ளை மலைக்கு வந்துட்டோம்" என்றான் கோமதிநாயகம். "இது எந்த ஊரோ!"

பின்னால் ஒரு கதவு திறந்தது. கையில் டீத் தட்டோடு ஒருவர், "அண்ணா, பனி விழுந்துருச்சுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

பூதலிங்கம் அவருக்கு மரியாதையாக வணக்கம் வைத்தார்.

"வணக்கங்க, நாங்க வெளியூரு. பிஜ்லிதார்ல இருந்து சறுக்கிக்கிட்டே வந்துட்டோம். எங்க பெட்டியெல்லாம் அந்த விடுதியில இருக்கு. திரும்பிப் போக பஸ் எங்க கிடைக்கும்?"

சென்னியப்பன் டீத் தட்டோடு அப்படியே நின்றார். உலகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, பரிவாகச் சொன்னாள்:

"அங்க ஒரு மேனேஜர் இருக்காருங்க, அச்சு அசல் உங்களை மாதிரியே. நீங்க கூடப்பிறந்தவங்களா? பாவம், அவர் ஊர்ல இன்னும் பனியே விழலையாம். கொஞ்சம் பொட்டலம் கட்டிக் குடுங்க, போற வழியில குடுத்துட்டுப் போறோம்."