திரைக்குப் பின்னால் ஒரு வீணை

முன்னொரு காலத்தில் தாழைநாட்டை இடியேறு பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கடைசியாகத் தம் காதில் யார் ஓதுகிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் அவருக்கு நியாயம்.

அவருடைய சபை வித்துவான் நாவலங்காரர். பட்டம் கிடைத்த நாளிலிருந்து வாசிப்பதை விட்டுவிட்டு, பிறர் வாசிப்பில் குற்றம் கண்டுபிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டவர். அவருடைய வீணை அரண்மனையில் உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த செண்பகவடிவு என்ற பெண்ணின் வாசிப்பில் ராஜா சொக்கிப்போனதும், மனிதருக்கு வயிறு எரிந்தது.

“மகாராஜா, அவள் வீணை அபசுரம் பிடித்தது. அது ஒலிக்கும் வீடு விளங்காது. கொளுத்திவிட வேண்டும்!” என்றார்.

“ஐயோ, அது என் அப்பா விட்டுப்போன வீணை!” என்று அழுதாள் செண்பகவடிவு.

வழக்கை விசாரிக்கும் பொறுப்பு மந்திரி மதிசேகரருக்கு வந்தது. நாவலங்காரர் கூட்டிவந்த நிபுணர்கள் எல்லாரும் “அபசுரம்” என்றார்கள். செண்பகவடிவு கூட்டிவந்த நிபுணர்கள் எல்லாரும் “அமிர்தம்” என்றார்கள். ராஜாவுக்குத் தலை சுற்றியது.

“இவர்கள் போகட்டும். இந்த வழக்குக்கு நானே ஒரு நிபுணரை நியமிக்கிறேன்” என்றார் மந்திரி.

“அதற்கு உமக்கு அதிகாரம் உண்டா?” என்று சீறினார் நாவலங்காரர்.

“உண்மை தெரியாமல் தீர்ப்புச் சொல்லத்தான் எனக்கு அதிகாரம் இல்லை.”

ராஜா சிங்காசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். “யாரய்யா அந்த நிபுணர்?”

“நம் நாவலங்காரர்தான்!”

செண்பகவடிவுக்கு உயிரே போய்விட்டது. நாவலங்காரரோ மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

திரை கட்டி, செண்பகவடிவை அதன் பின்னால் அனுப்பி வாசிக்கச் சொன்னார் மந்திரி. நாதம் எழுந்ததோ இல்லையோ, நாவலங்காரர் துள்ளி எழுந்தார்.

“கழுதைகூடக் காதைப் பொத்திக்கொள்ளும்! கொளுத்துங்கள்!”

திரை விலகியது. செண்பகவடிவின் மடியில் இருந்தது, மந்திரி உறையிலிருந்து எடுத்துவைத்த நாவலங்காரரின் வீணை!

“நிபுணரே சொல்லிவிட்டார். கொண்டுவா தீப்பந்தத்தை!” என்று கத்தினார் ராஜா.

நாவலங்காரர் தடாலென்று காலில் விழுந்தார். “மகாராஜா, அது என்னுடையது என்று எனக்குத் தெரியாதே!”

“தெரிந்திருந்தால் சுரம் மாறியிருக்குமோ?” என்று கேட்டார் மந்திரி.

செண்பகவடிவு அந்த வீணையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “கொளுத்தாதீர்கள், மகாராஜா. அருமையான நாதம். வாசிக்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறது, பாவம்.”

மந்திரி எழுந்து நின்றார். “மகாராஜா, நான் தேடிய நிபுணர் இப்போதுதான் கிடைத்தார். எதிராளியின் வீணையைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறாள் பாருங்கள்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து வீணை வழக்கு எது வந்தாலும் சபை அழைத்தது செண்பகவடிவைத்தான். நாவலங்காரருக்கும் ஒரு தண்டனை கிடைத்தது. தினமும் காலையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் வாசிக்க வேண்டும். இந்தப் பக்கம் செண்பகவடிவு கேட்பாள்.

அதற்கப்புறம் அவர் மீசையை முறுக்கி யாரும் பார்த்ததில்லை.