பெயர் மறைத்த கட்டுரை

“‘மற்றவை’ன்னு ஒரு பெட்டியே இருக்கக் கூடாது. எல்லாக் கட்டுரையும் ஏதாவது ஒரு வகையில அடங்கணும். இல்லேன்னா உனக்கு வேலை நீட்டிப்பு கிடையாது” என்று சமூகப் புத்தாக்க ஆய்வுகளை வகைபிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தட்டினார் பேராசிரியர் அறவாழி.

ஆய்வு உதவியாளர் கோமளவல்லி ஒரு கட்டுரையை நீட்டினாள். எழுதியவர் பெயரை ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு வகைப்படுத்துவதுதான் அங்கே முறை. “இது எதிலயும் அடங்கலை சார். நீங்களே சொல்லுங்க.”

அவர் புரட்டிப் பார்த்தார். “எந்த மடையன் எழுதினது? குப்பையில போடு.”

அவள் ஒட்டுத்தாளை உரித்தாள். அடியில் அவர் பெயர் இருந்தது.

“எழுதினது நான் சார். பேர் உங்களுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி, ‘மற்றவை’ இருந்துட்டுப் போகட்டும். நீட்டிப்புல கையெழுத்துப் போடறேன். அடுத்த கட்டுரையை எப்பத் தருவே?”

“மாசக் கடைசியில சார்” என்றவள், அவர் பெயரின்மேல் தாளைத் திரும்ப ஒட்டினாள்.